கல்லும் களிமண்ணும்

கேள்வி: கல்லைக் கொட்டிக் கட்டிய ரந்தெனிகல அணையில் தண்ணீர் ஒழுகாதா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: நல்ல கேள்வி, தங்கச்சி. உங்கள் ரயில் பாதையோரப் பாறைகளைப் பாருங்கள். அலை இடுக்குகளில் புகுந்து, சளசளவென்று திரும்பி வடியும். கல் தண்ணீரைத் தடுக்காது. தன் பாரத்தால் அணையைத் தாங்கி நிற்கும், அவ்வளவுதான். 94 மீற்றர் உயர ரந்தெனிகலவில் தடுப்பது நடுவிலுள்ள களிமண் சுவர்.

அதிலும் கொஞ்சம் கசியும். கசியும் நீர் களிமண் துகளை அரித்துக்கொண்டு போனால் உள்ளே குழாய்போல ஓட்டை விழும்; அணையே போய்விடும். அதனால்தான் இத்தகைய அணைகளில் களிமண்ணை ஒட்டி மணல், சரளைப் படைகள் போடுகிறார்கள். நீர் வடியும், மண் நிற்கும். என்னைக் கேட்டால் அணையின் உயிரே அந்த மணல்தான்.

கொத்மலை அணை வேறு மாதிரி: கற்குவியலின் நீர்ப்பக்கச் சரிவில் கொங்கிறீட் போர்வை. அங்கே நீர் சுரங்கவழியாக நிலத்தடி மின்நிலையத்துக்கு இறங்கிச் சுழலிகளைச் சுழற்றுகிறது.