குளோரி ரோடு: அந்த 28 ஃப்ரீ த்ரோக்கள்

"இனவெறியை எதிர்த்து நின்று ஜெயித்த விளையாட்டு வீரர்களைப் பற்றி, மனசுக்குத் தெம்பு தரும் படம் ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் யோசிக்காமல் சொல்வது 'குளோரி ரோடு'. 2006-இல் டிஸ்னி வெளியிட்ட கூடைப்பந்துப் படம். பள்ளி அணியில் ஆடும் என் மகளோடு சேர்ந்து இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

அமெரிக்காவில் மெக்சிகோ எல்லையை ஒட்டி எல் பாசோ என்று ஓர் ஊர். அங்கே இருந்த டெக்சாஸ் வெஸ்டர்ன் கல்லூரியின் பயிற்சியாளர் டான் ஹாஸ்கின்ஸ். தெற்கத்திப் பெரிய கல்லூரிகள் கறுப்பின வீரர்களை வாசல்படியே ஏற்றாத அந்தக் காலத்தில், அவர் ஊர் ஊராகத் தேடி ஆள் சேர்த்தார். டெட்ராய்ட் பக்கத்திலிருந்து பாபி ஜோ ஹில், இரும்பாலை நகரமான கேரியிலிருந்து ஹாரி ஃப்ளோர்னாய், ஆர்ஸ்டன் ஆர்ட்டிஸ், ஹூஸ்டனிலிருந்து டேவிட் லாட்டின், நியூயார்க்கிலிருந்து வில்லி வொர்ஸ்லி, நெவில் ஷெட், வில்லி கேகர். 1966 மார்ச் 19 அன்று மேரிலாந்தில் தேசியக் கல்லூரி இறுதிப் போட்டி. எதிரணி, அடால்ஃப் ரப் பயிற்சி கொடுத்த கென்டக்கி. பெயருக்குக்கூட ஒரு கறுப்பின வீரர் இல்லாத அணி, அந்த ஆண்டின் முதலிட அணி. ஹாஸ்கின்ஸ் முதலில் இறக்கிய ஐந்து பேருமே கறுப்பினத்தவர். அப்புறம் மாற்று ஆட்டக்காரர்களாக வந்த இருவரும் அப்படியே. 72–65 என்று கோப்பை எல் பாசோவுக்குப் போனது.

இதில் என்ன அப்படியொரு அதிசயம் என்று இன்றைக்குத் தோன்றலாம். அன்றைக்குப் பயிற்சியாளர்கள் மத்தியில் எழுதாத கணக்கு ஒன்று இருந்தது. கறுப்பின வீரர்களைச் சொந்த ஊர் ஆட்டத்தில் இரண்டு பேர் இறக்கலாம், வெளியூரில் மூன்று பேர், தோற்கிற நிலைமை வந்தால் நான்கு பேர். அதற்கு ஒரு 'நியாயமும்' வைத்திருந்தார்கள்: அவர்கள் ஓடுவார்கள், குதிப்பார்கள், ஆனால் நெருக்கடியில் நிதானம் இருக்காது, களத்தில் ஒரு வெள்ளையராவது நின்று வழிநடத்த வேண்டும். இந்தப் பேச்சு ஒருவரை எவ்வளவு கீழே தள்ளும் என்று யோசித்துப் பாருங்கள். திறமையை ஒத்துக்கொண்டு புத்தியை மறுப்பது.

முதல் முறை படம் முடிந்ததும் மகள் கேட்டாள், "அப்பா, இதெல்லாம் நிஜமாவே நடந்ததா?" அதனால்தான் தேடிப் படித்தேன். சில இடங்களில் படம் கூட்டிச் சொல்கிறது. ஹாஸ்கின்ஸ் வந்த முதல் வருடமே கோப்பையைத் தூக்கியது போலக் காட்டுவார்கள். உண்மையில் அவர் 1961-லேயே வந்துவிட்டார். அவர் வருவதற்கு முன்பே அந்தக் கல்லூரி அணியில் கறுப்பின வீரர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். படத்தில் இறுதிப் போட்டிக்கு முந்தின இரவு, "நாளை கறுப்பின வீரர்கள் மட்டும்தான் ஆடுவார்கள்" என்று அணியைக் கூட்டிச் சொல்வார். அசல் ஹாஸ்கின்ஸ் கடைசிவரை சொன்னது வேறு: என்னிடம் இருந்ததில் சிறந்த ஐந்து பேரை இறக்கினேன், எனக்கு ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு இந்த ஹாஸ்கின்ஸைத்தான் அதிகம் பிடிக்கிறது. அந்த வெற்றிக்கு அவருக்குப் பரிசாக வந்தவை குவியல் குவியலான வெறுப்புக் கடிதங்கள்.

படத்தின் மேல் எனக்கு உண்மையான வருத்தம் ஒன்று உண்டு. கட்டுப்பாடான ஆட்டம் வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்ல, வீரர்கள் தங்கள் தெரு ஆட்டத்தையும் கொண்டுவந்ததால் ஜெயித்தார்கள் என்பது போலக் கதை போகும். நிஜ அணி அப்படி இல்லை. ஹாஸ்கின்ஸ், ஹென்றி ஐபா என்ற பெயர்பெற்ற பயிற்சியாளரிடம் பாடம் படித்தவர். தடுப்பாட்டம்தான் அவருக்கு உயிர். அன்று லாட்டின் ஆரம்பத்திலேயே எதிராளியின் தலைக்கு மேல் பந்தை வளையத்துக்குள் அறைந்ததும், பாபி ஜோ ஹில் சில நொடி இடைவெளியில் இரண்டு முறை பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியதும் படத்திலும் உண்டு, பார்க்கவே சிலிர்க்கும். ஆனால் ஸ்கோர் கணக்கைப் பாருங்கள். களத்திலிருந்து கென்டக்கி போட்ட கூடைகள் 27, டெக்சாஸ் வெஸ்டர்ன் போட்டது 22 மட்டுமே. வித்தியாசம் ஃப்ரீ த்ரோவில் இருக்கிறது: எதிரணி தவறு செய்தால், கோட்டில் நின்று யாரும் தடுக்காமல் எறியக் கிடைக்கும் ஒரு புள்ளி வாய்ப்பு அது. 34 முறை எறிந்து 28 முறை உள்ளே போட்டார்கள்.

நான் பள்ளியில் ஆடியவன். மாவட்டப் போட்டி ஒன்றில், கடைசி நிமிடத்தில் எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. வளையம் மாட்டிய பலகை 15 அடி தூரத்தில். யாரும் தடுக்கப் போவதில்லை, பந்தும் கையில்தான் இருக்கிறது. சிமெண்ட் தரையில் பந்தை மூன்று தடவை தட்டினேன். கூட்டத்தின் சத்தம் காதில் விழவில்லை, என் மூச்சுதான் கேட்டது. உள்ளங்கை வியர்த்தது. இரண்டும் வெளியே போயின. ஓட்டமும் குதியும் அந்தக் கோட்டில் உதவாது. நிதானம் ஒன்றுதான் உதவும். எனக்கு அது ஒரு மாவட்டப் போட்டி. அந்த இளைஞர்களுக்கோ, 'நெருக்கடியில் உடைந்துவிடுவார்கள்' என்று ஒரு நாடே தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் தேசிய இறுதிப் போட்டி. அங்கே போய் நின்று 28 முறை வலைக்குள் போட்டிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று மகளைக் கூப்பிட்டு அந்த எண்ணைக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொருவரையும் சொல்லாமல் விட மனமில்லை. ஜெர்ரி ஆர்ம்ஸ்ட்ராங், அணியிலிருந்த வெள்ளையின வீரர்களில் ஒருவர். அரையிறுதியில் யூட்டா அணியின் ஜெர்ரி சேம்பர்ஸ் 38 புள்ளி எடுத்து மிரட்டியபோது, உள்ளே வந்து அவரைக் கட்டுக்குள் வைத்தவர் இவர்தான். அடுத்த நாள் இறுதிப் போட்டியில் ஒரு நிமிடம்கூட அவர் ஆடவில்லை.

மாற்றம் ஒரே ராத்திரியில் வந்துவிடவில்லை. கென்டக்கி அணி 1969-இல்தான் முதல் கறுப்பின வீரரைச் சேர்த்தது.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எழுந்துவிடாதீர்கள். அசல் ஹாஸ்கின்ஸும், வயதாகிவிட்ட அந்த வீரர்களும், அன்று கென்டக்கிக்கு ஆடிய பேட் ரைலியும் வந்து பேசுவார்கள். பாபி ஜோ ஹில் இருக்க மாட்டார். படம் வருவதற்கு மூன்று வருடம் முன்பே, 2002 டிசம்பரில் இறந்துவிட்டார்.