‘மனிதநேய செயலி’ என்றால் தென்னைக்காரருக்கு என்ன லாபம்?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் மூன்று பேர், ஆளைக் கட்டிப்போடாத சமூக ஊடகச் செயலி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம். ‘மன அமைதி தரும் மனிதநேய சமூக ஊடகம்’ என்பதுதான் எங்கள் வேல்யூ புரொப்போசிஷன், அதாவது வாங்குகிறவருக்கு என்ன பயன் என்று சொல்லும் வாக்கியம். தெளிவில்லை என்று இரண்டு ஸ்டார்ட்அப் போட்டிகளில் திருப்பிவிட்டார்கள். 25,000 ரூபாய் தந்தால் எழுதித் தருவதாக ஒரு ஆலோசகர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் செயலியை யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. கட்டம் போட்ட ஒரு தாளை நிரப்பித் தருவார். அந்தத் தாள் இணையத்தில் சும்மாவே கிடைக்கிறது. அடுத்து, “மானியத்தையும் நானே வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம் போதும்” என்பார். புதுத் தொழில்களுக்கு மத்திய அரசு தரும் ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரத்துக்கு அரசு ஒரு ரூபாய் கட்டணம் வாங்குவதில்லை. அதற்கும் பில் போடுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் வாக்கியத்துக்கு வருவோம். மனிதநேயம் என்பது நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்பதைத்தான் சொல்கிறது. வாங்குகிறவருக்கு என்ன கிடைக்கும் என்று அதில் இல்லை. மன அமைதி வேண்டும் என்பவர் போனைக் கீழே வைத்துவிடுவார், உங்கள் செயலியைத் தேட மாட்டார்.

உங்கள் ஊரிலேயே ஒருவரைப் பிடியுங்கள், அந்த ஒரே ஆளுக்கு ஒரே வாக்கியம் எழுதுங்கள். தமிழ்நாடும் கேரளமும் போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் மணக்கடவு தடுப்பணை வழியாகச் சித்தூர்ப் புழை என்கிற ஆற்றுக்கு வரவேண்டும். வாய்க்காலில் எப்போது திறப்பார்கள் என்பதுதான் ஒரு தென்னை விவசாயிக்குக் கவலை. அந்தச் செய்தி வாட்ஸ்அப் குழுவில் வருகிறது, நூறு ‘காலை வணக்கம்’ படங்களுக்கு நடுவில். அவருக்கு நீங்கள் சொல்ல வேண்டியது இதுதான்: “தண்ணீர், சந்தை விலை, ஊர் விசேஷம் மூன்றும் காலை ஆறு மணிக்குத் தமிழில் ஒரே பக்கத்தில் வரும். படித்ததும் பக்கம் முடிந்துவிடும்.”

கடைசி வாக்கியத்தில்தான் உங்கள் மனிதநேயம் இருக்கிறது. முடிவில்லாமல் உருளும் பக்கத்தை 2006-ல் உருவாக்கிய ஆசா ராஸ்கினே பிற்பாடு அதற்காக வருந்தினார். ஆனால் பக்கம் முடிந்தால் விளம்பரத்துக்கான இடமும் குறையும். 2018 தொடக்கத்தில் ஃபேஸ்புக், பரவலாக ஓடும் வீடியோக்களைக் குறைத்ததில் மக்கள் செலவிடும் நேரம் நாளுக்கு சுமார் 5 கோடி மணி குறைந்ததாகச் சொன்னது. அவர்களுக்குத் தாங்கும். உங்களுக்குச் சம்பளம் யார் தருவார் என்பதை இப்போதே எழுதி வையுங்கள். விளம்பரத்தை நம்பினால் ஆறே மாதத்தில் அந்தக் கடைசி வாக்கியத்தை நீங்களே அழிப்பீர்கள்.

ஒரே ஆளுக்கு ஒரே வாக்கியம் என்பதற்கு ஒரு விலக்கு உண்டு, இதில் பலரும் சறுக்குகிறார்கள். பயன்படுத்துகிறவர் ஒருவர், பணம் தருகிறவர் இன்னொருவர் என்றால் இரண்டு வாக்கியம் வேண்டும். பள்ளிக்கூடங்களுக்கு விற்க நினைத்தால் மாணவருக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று. மாணவருக்கு “நண்பர்களோடு பேசலாம்” என்றும் பெற்றோருக்கு “பிள்ளை என்ன பேசுகிறது என்று பார்க்கலாம்” என்றும் எழுதினால் இரண்டும் ஒன்றையொன்று கடிக்கும். அதோடு, 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிறையாத எல்லாரும் குழந்தைகள்தான். பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். பின்தொடர்ந்து கண்காணிப்பதோ, குறிவைத்து விளம்பரம் காட்டுவதோ கூடாது. பத்தாம் வகுப்புப் பையன் தானே ‘சம்மதம்’ என்று தட்டினால் செல்லாது. முதல் ஆண்டு பள்ளிகளைத் தொடாதீர்கள் என்பேன்.

பத்து விவசாயிகளிடம் போங்கள். செயலியைக் காட்டிப் பிடிச்சிருக்கா என்று கேட்டால், முகத்துக்காக “நல்லா இருக்கு தம்பி” என்றுதான் சொல்வார்கள். கடைசியாகத் தண்ணீர்ச் செய்தி தவறியது எப்போது, அன்றைக்கு யாருக்கு போன் போட்டார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொன்ன சொல்லிலேயே வாக்கியத்தைத் திருத்துங்கள்.

போட்டிப் படிவத்தில் ‘சந்தை அளவு எத்தனை கோடி’ என்றொரு கட்டம் இருக்கும். வாய்க்கால் பக்கமே வராதவர்கள் போட்ட கட்டம் அது. பத்துப் பேரைப் பார்த்தோம், இத்தனை பேர் மாதம் இவ்வளவு தருவதாகச் சொன்னார்கள் என்று அதில் எழுதி அனுப்புங்கள்.