வாயு சென்சார் இரவில் நின்றுபோவது பற்றி

கடலூர் சிப்காட் ஆலையில் இரவானால் வாயு சென்சார் அளவுகள் திரைக்கு வருவதில்லை, சிசிடிவி கேமராக்களும் அதே நெட்வொர்க் ஸ்விட்சில்தான் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குக் கேமராக்கள் மேல்தான் சந்தேகம்: அவற்றில் தீங்கு நிரல் புகுந்து நெட்வொர்க்கை நிரப்பினால் சென்சார் அளவுகளுக்கு வழி கிடைக்காது. 2016இல் மிராய் என்ற தீங்கு நிரல் பரவியது இப்படித்தான்: பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களில் டெல்நெட் (தொலைவிலிருந்து கட்டளையிடும் பழைய முறை) வழியாக, 23, 2323 என்ற எண்ணுள்ள நெட்வொர்க் போர்ட்டுகளில் நுழைந்தது. ரீபூட் செய்தால் போய்விடும். பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் சில நிமிடங்களிலேயே திரும்ப வந்துவிடும். அடுத்த முறை நிற்கும்போது ஸ்விட்சில் கேமரா கம்பிகள் செருகிய இடங்களின் விளக்குகள் இடைவிடாமல் துடிக்கின்றனவா பாருங்கள்.

சென்சார்களைத் தனி ஸ்விட்சுக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம் முக்கியமானது: அபாய மணியும் வால்வை மூடும் சிக்னலும் நெட்வொர்க்கை நம்பியிருக்கவே கூடாது. சென்சாரிலிருந்து நேரடி கம்பி, 4-20 மில்லிஆம்பியர் (வாயு இல்லாதபோதும் 4 ஓடும்). கம்பி அறுந்தால் பூஜ்யம் காட்டும், உடனே தெரிந்துவிடும். அதுவரை இரவு ஷிப்டுக்குக் கையடக்க டிடெக்டர் கொடுங்கள், இன்றைக்கே.