காய்ச்சலே இல்லை, எனக்கு எதற்கு ரத்தம் எடுத்தார்கள்? – வாசகர் கேள்வி பதில்

பக்கத்து வீட்டுத் தம்பிக்கு மலேரியா என்றார்கள். மறுநாளே தெரு முழுக்க வந்து எல்லாருக்கும் விரலில் குத்தி ரத்தம் எடுத்துவிட்டார்கள். எனக்குக் காய்ச்சலே இல்லை. நோய் வந்தவருக்கு மருந்து கொடுத்தால் போதாதா? – வாசகி, தங்கச்சிமடம்

போதாதும்மா. காய்ச்சல் இல்லாமலே ரத்தத்தில் கிருமி இருக்கலாம், அடிக்கடி மலேரியா வந்துபோகும் ஊர்களில் இப்படிச் சிலர் இருப்பார்கள். அவர்கள் வலைக்குப் போவார்கள், பாசி எடுக்கப் போவார்கள், எல்லாம் வழக்கம்போல நடக்கும். ராத்திரி கொசு கடிக்கும்போது அந்த ரத்தத்தோடு கிருமியும் போகிறது. கொசுவுக்குள் அது முற்ற சுமார் பத்து நாள் ஆகும், அதற்குப் பிறகு அந்தக் கொசு யாரைக் கடித்தாலும் ஆபத்துதான். கொசு ரொம்ப தூரம் போவதில்லை, அதனால்தான் உங்கள் தெருவிலேயே தேடுகிறார்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன், பேனா இருந்தால் போட்டுப் பாருங்கள். ஓர் ஊரில் 100 பேருக்கு மலேரியா. பத்து நோயாளிகளிடமிருந்து கொசு வழியாகப் புதிதாக 11 பேருக்குத் தொற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்படி ஒருமுறை தொற்றுவது ஒரு சுற்று. இருபது சுற்று போனால் 673 பேர். அதே பத்துப் பேரிடமிருந்து 9 பேருக்கு மட்டும் தொற்றினால்? இருபது சுற்றில் 12 பேர்தான் மிச்சம். பதினொன்றுக்கும் ஒன்பதுக்கும் இடையில் இருப்பது இரண்டே பேர். கொசு முட்டையிடாதபடி தண்ணீர்த் தொட்டியைச் சரியாக மூடிய ஒரு வீடு, காய்ச்சல் இல்லாமலே விரலை நீட்டிய உங்களைப்போல ஒருவர், அந்த இரண்டு பேர் அங்கேதான் குறைகிறார்கள்.

இது புதுக் கணக்கு இல்லை. 1897ல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்ட் ராஸ் போட்ட கணக்குதான். கொசுவை முழுசாக ஒழிக்கவே முடியாதே என்று கேட்டவர்களுக்கு, முழுசாக ஒழிக்க வேண்டாம், ஓர் அளவுக்குக் கீழே கொண்டுவந்தால் நோய் தானாக அடங்கும் என்று காட்டினார். கொசுவே இல்லாத ஊர் நமக்கு வாய்க்கப்போவதில்லை, ஆனால் மலேரியா இல்லாத ஊர் கட்டாயம் வாய்க்கும், நான் இதை மனப்பூர்வமாக நம்புகிறேன்.

புகை மருந்து அடித்துவிட்டுப் போனார்கள். நாலாம் நாள் மறுபடியும் கொசு. மருந்தில் தண்ணீர் கலக்கிறார்களா? – வாசகர், பாம்பன்

மருந்தைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள். புகை, அந்த நேரத்தில் பறக்கிற கொசுவை மட்டும்தான் கொல்லும். தொட்டிக்குள் நெளிகிற புழுவுக்கு ஒன்றும் ஆகாது. நம் வெயிலுக்கு முட்டை கொசுவாக எட்டு, பத்து நாள் போதும்.

நம் பக்கத்தில் சிக்கலே இங்கேதான் இருக்கிறது. மலேரியா பரப்பும் கொசுக்களில் ஒன்று சாக்கடையைத் தேடிப்போவதில்லை. கிணறு, மொட்டைமாடித் தொட்டி, டிரம் என்று நாம் குடிக்கவும் புழங்கவும் வைத்திருக்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் பிடித்து வைக்காதே என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன். மூடி வையுங்கள், அவ்வளவுதான். மீன் வலையைப் போட்டு மூடியிருக்கிறேன் என்று நிறைய பேர் சொல்லியிருக்கிறார்கள், வலைக்கண் வழியாகக் கொசு தாராளமாகப் போய்வரும். பழைய வேட்டியை இரண்டாக மடித்து இறுக்கிக் கட்டுங்கள். வாரம் ஒருமுறை டிரம்மைக் கவிழ்த்து, உள்பக்கம் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். டெங்குக் கொசுவுக்கும் இதே வைத்தியம்தான். கிணற்றைக் கவிழ்க்க முடியாது, அதில் கப்பி மீன் விடச் சொல்லிக் கேளுங்கள், அது புழுவைத் தின்றுவிடும்.

மூன்றாவது வீட்டுக் குழந்தைக்கு மணல்வாரி அம்மை. என் பேத்திக்கு ஒரு ஊசி போட்டாயிற்று, இரண்டாவது தேவையா? – வாசகி, கீழக்கரை

கட்டாயம் தேவை. மணல்வாரி காற்றில் பரவுவது, மூடி வைக்க இங்கே தொட்டி கிடையாது. யாருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத இடத்தில் ஒரு குழந்தையிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றும். அதனால்தான் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பிள்ளைகளாவது இரண்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். ஊசி போடும் வயது வராத கைக்குழந்தைக்கு உங்கள் பேத்தியின் ஊசியும் ஒரு காவல். வேப்பிலை கட்டுங்கள், கும்பிடுங்கள், ஊசியையும் போடுங்கள்.

இலங்கையில் மலேரியாவே இல்லையாமே, நமக்கு மட்டும் ஏன்? – வாசகர், மண்டபம்

உண்மைதான், 2016ல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு மலேரியா இல்லாத நாடு என்று சான்று கொடுத்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கதை இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். 1963ல் அங்கே வருஷம் முழுக்க வெறும் 17 பேருக்குத்தான் மலேரியா. சரி, முடிந்தது என்று மருந்தடிப்பதை நிறுத்தினார்கள், கவனமும் குறைந்தது. 1968, 69ல் ஐந்து லட்சம் பேருக்கு மேல் படுத்தார்கள். கொசு அங்கேயேதான் இருந்தது, கிருமி திரும்பி வந்ததும் வேலை ஆரம்பமாகிவிட்டது.

சான்று வாங்கிய கையோடு இன்னொன்றும் நடந்தது. நம் ஊர்க் கிணற்றிலும் தொட்டியிலும் வளரும் அதே கொசு இனத்தை மன்னாரில் கண்டுபிடித்தார்கள். அதுவரை இலங்கையில் அது இருந்ததில்லை. அதனால் அவர்கள் இன்னும் ஓயவில்லை, வெளியிலிருந்து வருகிறவருக்குக் காய்ச்சல் என்றால் உடனே ரத்தம் பார்க்கிறார்கள். நம் தெருவில் மூன்று வருஷமாக ஒரு கேஸ்கூட இல்லையே, எதற்கு இன்னும் வருகிறார்கள் என்று கேட்கிறவர்கள் இந்த 17ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாளில் மலேரியாக் காய்ச்சல் விட்டுவிட்டது. 14 நாள் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தங்கு கடலுக்குப் போகிறேன், நிறுத்திவிடலாமா? – வாசகர், ராமேஸ்வரம்

நிறுத்தாதீர்கள் தம்பி. முதல் மூன்று நாள் மாத்திரை ரத்தத்தில் இருக்கும் கிருமிக்கு. உங்களுக்கு வந்திருக்கும் வகையில் கொஞ்சம் கிருமி ஈரலில் போய்த் தூங்கும், வாரமோ மாதமோ கழித்து எழுந்து வரும். 14 நாள் மாத்திரை அதற்குத்தான். பாதியில் விட்டால் கொசு கடிக்காமலே உங்களுக்குத் திரும்பக் குளிர்க் காய்ச்சல் வரும், உங்களைக் கடிக்கும் கொசு வழியாக அது வீட்டுக்கும் வரும். மாத்திரையை நனையாத டப்பாவில் போட்டுப் படகுக்குக் கொண்டுபோங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பிட்டபின் போடுங்கள். சிறுநீர் கறுத்துப் போனாலோ கண் மஞ்சளானாலோ மட்டும் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், சிலர் உடம்புக்கு அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது. முடிந்தால் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் சொல்லி, முதல் நாலைந்து நாள் கரையிலேயே இருந்துவிட்டுக் கிளம்புங்கள். உங்கள் மாத்திரையை வீட்டில் கர்ப்பிணிக்கோ கைக்குழந்தைக்கோ கொடுத்துவிடாதீர்கள்.