சிம்வாஸ்டாட்டின் இட்டும் எல்.டி.எல். ஏற்பி கூடாதது ஏன்?

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்தான சிம்வாஸ்டாட்டினை, 10 சதவீதக் கன்றுச் சீரம் (ரத்தத்தின் தெளிந்த திரவம்) கலந்த ஊடகத்தில் வளரும் ஹெப்ஜி2 செல்களுக்கு (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதக் கல்லீரல் புற்றுசெல்கள்) இட்டும், எல்.டி.எல். கொலஸ்ட்ராலைச் செல்லுக்குள் இழுக்கும் ஏற்பிப் புரதம் ஏன் கூடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். முதலில் ஊடகத்தின் சீரத்தை மாற்றுங்கள். ஹெப்ஜி2 செல்களில் மருந்து இட்டும் எல்.டி.எல். ஏற்பி கூடாததற்குப் பெரும்பாலும் நீங்கள் குறிப்பிட்ட 10 சதவீதக் கன்றுச் சீரமே காரணம்.

சிம்வாஸ்டாட்டின் செல்லுக்குள் கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுத்தாலும், சீரம் வெளியிலிருந்து அதைத் தொடர்ந்து ஊட்டுவதால், செல்லில் கொலஸ்ட்ரால் குறையும்போது செயல்படும் எஸ்.ஆர்.இ.பி.பி-2 புரதம் உட்கருவுக்குச் சென்று ஏற்பியின் மரபணுவைத் தூண்டுவது குறைந்துவிடுகிறது. பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985-இல் நோபல் பரிசு பெற்றது கொலஸ்ட்ரால் கட்டுப்பாடு குறித்த கண்டுபிடிப்புகளுக்கே.

இதைச் சோதிக்க, மருந்தில்லாமல் ஒரு தட்டுச் செல்களை லிப்போபுரதம் (கொலஸ்ட்ராலைச் சுமக்கும் துகள்) நீக்கிய சீரத்தில் 24 மணி நேரம் வைத்து, ஏற்பியின் அளவை வழக்கமான தட்டோடு வெஸ்டர்ன் பிளாட்டில் (புரத அளவைக் காட்டும் சோதனை) ஒப்பிடுங்கள். அந்தச் சீரம் நாகமலையிலுள்ள உங்கள் ஆய்வகத்துக்கு வந்து சேரத் தாமதமானால், இப்போதைக்குச் சீரமற்ற ஊடகத்திலேயே பார்க்கலாம்.

ஒன்றில் கவனம் தேவை: சிம்வாஸ்டாட்டின் செயல்படாத, மூடிய வளையமான லாக்டோன் வடிவில் வருவதால், காரத்தில் வளையத்தைத் திறந்து, பி.எச். சரிசெய்த பிறகே அதைச் செல்களுக்கு இடுங்கள்.