வரிசையில் நிற்கவைத்த பிறகு 'உங்களுக்கு லாக் விழாது' என்றால்?

கேள்வி: எனக்கு வயது 38, எடை 126 கிலோ. அக்கா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு தீம் பார்க்குக்குப் போயிருந்தேன். நுழைவுச் சீட்டை ஒரு வாரம் முன்பே இணையத்தில் வாங்கினேன். சீக்கிரம் ஏறுவதற்கான ஃபாஸ்ட் டிராக் பாஸையும் தனியாகக் காசு கொடுத்து வாங்கினேன். அப்படியும் ரோலர் கோஸ்டருக்கு முக்கால் மணி நேரம் நின்றோம். ஏறி உட்கார்ந்ததும் மடிமேல் வரும் கம்பி பூட்டவில்லை. ஊழியர் இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்த்தார். அதற்குள் மைக்கில் இருந்தவர், "ஓவர் லோடு, ஒருத்தர் இறங்குறாங்க" என்று சொல்ல, வரிசையே சிரித்தது. சின்னவனும் என்னோடு இறங்கிவிட்டான். இன்னும் மூன்று ரைடுகளில் இதே கதை. பணத்தைத் திருப்பிக் கேட்டால், 'பணம் திருப்பித் தரப்படாது, சொந்தப் பொறுப்பில் வருகிறீர்கள்' என்று டிக்கெட்டின் பின்பக்கத்தைக் காட்டுகிறார்கள். உடல் அளவு பற்றி டிக்கெட் விற்ற பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. வழக்குப் போடலாமா? குண்டாக இருப்பவர்களை இப்படி ஒதுக்குவது சட்டப்படி சரியா?

பதில்: கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களை அந்த ரைடில் ஏற்றாமல் இறக்கிவிட்டது சரிதான். அதை எதிர்த்து எங்கே வழக்குப் போட்டாலும் நிற்காது. ஆனால் அந்த முடிவை உங்களிடம் எப்போது சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள் என்ற இரண்டு கேள்விகளில் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. வழக்கை அங்கேதான் கட்ட வேண்டும்.

ஏற்றாதது ஏன் சரி? மடிமேல் வரும் கம்பி தொடையை ஒட்டி, இடுப்பெலும்புக்கு அருகில் உட்கார வேண்டும். வண்டி மேட்டில் ஏறிச் சட்டென்று இறங்கும்போது உடம்பு இருக்கையை விட்டு எழும்பும். அந்த ஒரு நொடி உங்களைப் பிடித்து வைப்பது கம்பி மட்டும்தான். வயிறு கம்பியைத் தடுத்து நிறுத்தினால் தொடைக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி விழும். அந்த இடைவெளி வழியாக ஆள் நழுவ முடியும். அதனால்தான் இது எடையைவிட உடல்வாகைப் பொறுத்த விஷயமாக இருக்கிறது. ஒரே எடையுள்ள இருவரில் ஒருவருக்குப் பூட்டும், இன்னொருவருக்குப் பூட்டாது. தொடை பருத்தவர், மார்பு அகன்ற உடற்பயிற்சிக்காரர், ரொம்ப உயரமானவர் எல்லோரும் இறங்கி நடந்திருக்கிறார்கள்.

'கொஞ்சம் அனுசரித்து ஏற்றியிருக்கலாமே' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 2022 மார்ச்சில் அமெரிக்காவின் ஆர்லண்டோ நகரில், 400 அடிக்கும் மேல் உயரமான ஒரு கோபுர ரைடிலிருந்து 14 வயதுப் பையன் விழுந்து இறந்தான். தயாரிப்பாளரின் கையேட்டில் அதிகபட்ச எடை 130 கிலோ என்று இருந்தது. பையன் அதைவிட மிகவும் கனமானவன். அவன் அமர்ந்த இருக்கையின் தோள்பூட்டு வழக்கத்தைவிட அகலமாகத் திறந்திருந்தாலும் பூட்டியதாகவே விளக்கு எரியும்படி சென்சாரைக் கையால் மாற்றி வைத்திருந்தார்கள் என்று விசாரணையில் தெரியவந்தது. 2024 டிசம்பரில் அவனுடைய பெற்றோருக்கு 31 கோடி டாலர் தர வேண்டும் என்று தயாரிப்பு நிறுவனத்துக்கு எதிராக ஜூரி தீர்ப்புச் சொன்னது. அந்த ஊழியர் உங்கள் கம்பியை மூன்றாவது தடவை அழுத்திப் பார்த்துவிட்டுக் கைவிட்டாரே, அதில் அவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

சரி, இப்போது உங்கள் பக்கத்துக்கு வருவோம்.

ஒவ்வொரு ரைடுக்கும் தயாரிப்பாளரின் கையேடு உண்டு. யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்பது அதில் இருக்கும். அதாவது, பூங்கா கதவைத் திறக்கும் முன்பே நிர்வாகத்துக்கு இந்த விவரம் தெரியும். முன்கூட்டியே சொல்ல முடியாத விஷயமும் இல்லை இது. ஹாலிவுட் யுனிவர்சல் ஸ்டுடியோவில் 2023இல் மரியோ கார்ட் ரைடு திறந்தபோது, இடுப்புச் சுற்றளவு 40 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் இடமில்லாமல் போகலாம் என்று வெளிப்படையாகவே அறிவித்தார்கள். பலர் கோபப்பட்டார்கள். 40 அங்குலம் ஒன்றும் அபூர்வமான இடுப்பில்லை (என் கறுப்புக் கோட்டின் பொத்தான் மாட்டிப் பல வருடமாகிறது, அனுபவத்தில் சொல்கிறேன்). ஆனால் சட்டத்தின் கண்ணில் அது நல்ல நடத்தை, காரணம் காசு கொடுக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. பல பெரிய பூங்காக்கள் ரைடின் வாசலிலேயே மாதிரி இருக்கை ஒன்றை வைத்திருக்கின்றன. உட்கார்ந்து, கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டு வரிசையில் நிற்பதா வேண்டாமா என்று நாமே முடிவு செய்துகொள்ளலாம். இவை எதுவும் இல்லாமல் முக்கால் மணி நேரம் நிற்கவைத்து, கடைசிப் படியில் உங்களுக்குச் சொன்னார்கள் என்பதுதான் புகார்.

எந்த நாட்டுப் பூங்கா என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் பொதுவாகவே சொல்கிறேன். இந்தியா என்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(11) போதும். தேவையான தகவலைத் தெரிந்தே நுகர்வோரிடம் மறைப்பதும் சேவைக் குறைபாடு என்று அது சொல்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், பூங்கா இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. என் பிழைப்பைக் கெடுக்கும் தகவல்தான், இருந்தாலும் சொல்லாமல் விட முடியாது.

அப்புறம் அந்த டிக்கெட்டின் பின்பக்கம். அதில் இரண்டு வாக்கியம் இருக்கிறது, இரண்டையும் பிரித்துப் பாருங்கள். 'சொந்தப் பொறுப்பில் வருகிறீர்கள்' என்பது அடிபட்டால் எழும் பொறுப்பைப் பற்றியது. உங்களுக்கு அடி எதுவும் படவில்லை, நீங்கள் கேட்பது கிடைக்காத சேவைக்குக் கொடுத்த பணம். அந்த வாக்கியத்துக்கு இங்கே வேலையே இல்லை. அடிபட்டிருந்தாலும் அது பூங்காவை முழுதாகக் காப்பாற்றிவிடாது. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைகள் சட்டப்படி, கவனக்குறைவால் உயிரிழப்போ காயமோ நேர்ந்தால் அதற்கான பொறுப்பை ஒரு நிறுவனம் வெறும் எழுத்தால் தட்டிக்கழிக்க முடியாது.

'பணம் திருப்பித் தரப்படாது' என்ற வாக்கியத்துக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. மனம் மாறி நீங்கள் போகாமல் இருந்திருந்தால் அது செல்லும். அவர்களால் தர முடியாத சேவைக்கு அது செல்லுமா என்பது வேறு கேள்வி. அதோடு, அந்த வாக்கியம் உங்கள் கண்ணில் எப்போது பட்டது? சட்டம் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு இங்கிலாந்து வழக்கு உண்டு: ஷூ லேன் பார்க்கிங், 1971. கார் நிறுத்துமிடத்தின் வாசலில் இயந்திரம் சீட்டைத் துப்பியது. உள்ளே போய்ப் பார்த்தால்தான் நிபந்தனைப் பலகை தெரியும். பணம் கொடுக்க ஒப்புக்கொண்டு உள்ளே நுழைந்த பிறகு காட்டும் நிபந்தனை வாடிக்கையாளரைக் கட்டாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடுமையான நிபந்தனை என்றால் சிவப்பு மையில் அச்சடித்து, ஒரு சிவப்புக் கை அதைச் சுட்டிக்காட்டியபடி இருக்க வேண்டும் என்று நீதிபதி டென்னிங் அதற்கு முன்பே ஒரு வழக்கில் எழுதியிருந்தார். நீங்கள் காசு கட்டியது ஒரு வாரம் முன்பு. வாங்கும்போது திரையில் இந்த நிபந்தனை வந்து, 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தை நீங்கள் தட்டியிருந்தால் கதை கொஞ்சம் மாறும். அதை முதலில் சரிபாருங்கள்.

எவ்வளவு கேட்கலாம்? இங்கேதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். ஃபாஸ்ட் டிராக் பாஸ் தனி ஒப்பந்தம், அதன் ஒரே பயனே ரைடில் ஏறுவது. எனவே உங்களால் ஏற முடியாத ரைடுகளுக்குரிய பங்கைத் தயங்காமல் கேளுங்கள். உங்களோடு இறங்கிய சின்னவனின் பங்கைக் கேட்பதும் நியாயமே. நுழைவுச் சீட்டில் முழுப் பணத்தையும் கேட்டால், 'மற்றதையெல்லாம் அனுபவித்தீர்களே' என்று எதிர்த்தரப்பு வக்கீல் உடனே எழுந்து நிற்பார். ஒரு பகுதியைக் கேளுங்கள், அது நிற்கும்.

மைக்கில் அடித்த கிண்டல் தனி விஷயம். கம்பியை அழுத்திப் பார்த்தது பாதுகாப்புச் சோதனை, அதில் அவமானம் தோன்றினாலும் சட்டப்படி தவறு கிடையாது. 'ஓவர் லோடு' என்று ஒலிபெருக்கியில் சொன்னதற்குப் பாதுகாப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லை. இது மன உளைச்சலுக்கான இழப்பீட்டுத் தலைப்பில் வரும். பெரிய தொகை எதிர்பார்க்காதீர்கள். உண்மையில் அந்தப் பூங்கா எழுத்தில் மன்னிப்புக் கேட்டு, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாலே அதை வெற்றியாக எடுத்துக்கொள்வேன் நான்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி, இது பாகுபாடா? பெரும்பாலான நாடுகளில் உடல் எடையின் பேரில் பாகுபாடு காட்டக்கூடாது என்று தனிச் சட்டம் கிடையாது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம் 1976இலேயே எடையையும் உயரத்தையும் பாகுபாட்டுச் சட்டத்தில் சேர்த்தது. நியூயார்க் நகரம் 2023இல் சேர்த்தது. பிரான்ஸ் சட்டத்தில் 'உடல் தோற்றம்' என்ற சொல் இருக்கிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, உடல் பருமன் அதில் இல்லை. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014இல் ஒரு வேலை வழக்கில் நடுவழி ஒன்றைக் காட்டியது: பருமன் மட்டும் போதாது, ஆனால் அதனால் நடப்பது, வேலை செய்வது நீண்ட காலத்துக்குத் தடைபட்டால் அதை ஊனமாகக் கருதலாம். எந்தச் சட்டமானாலும் உண்மையான பாதுகாப்புக் காரணத்துக்கு இடம் விடுகிறது. அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் விதி இதைத் தெளிவாகவே வகுத்திருக்கிறது: பாதுகாப்பு நிபந்தனை உண்மையான ஆபத்தின் அடிப்படையில் இருக்க வேண்டும், ஊகத்திலோ பொத்தாம்பொதுவான எண்ணத்திலோ இருக்கக்கூடாது. ஆகவே உட்கார்ந்து, பூட்டாமல் இறக்கிவிட்டால் அது சோதனை. தூரத்திலிருந்து ஆளைப் பார்த்துவிட்டு, 'நீங்க வேணாம்' என்று வரிசையிலேயே கைகாட்டினால் அது வேறு. உங்களுக்கு நடந்தது முதலாவது வகை, அதனால் பாகுபாடு என்ற தலைப்பைத் தொடாமல் சேவைக் குறைபாட்டோடு நில்லுங்கள்.

செய்ய வேண்டியது இது. டிக்கெட் விற்ற பக்கத்தைத் தேதியோடு இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புகார் போனதும் பக்கத்தில் திடீரென்று ஒரு வரி முளைப்பதை நான் பார்த்திருக்கிறேன். ரைடு வாசலில் எச்சரிக்கைப் பலகை இருந்ததா என்று பிள்ளைகள் எடுத்த படங்களில் தேடுங்கள். இருந்திருந்தால் மறைக்காதீர்கள், அதில் என்ன எழுதியிருந்தது என்பதே முக்கியம். 'உடல்நிலை சரியில்லாதவர்கள் தவிர்க்கவும்' என்ற பொத்தாம்பொதுப் பலகை உங்களுக்கு எதையும் சொல்லவில்லை. கேமராப் பதிவு சில நாட்களில் அழிந்துவிடும், எனவே நாள், நேரம், ரைடின் பெயர் போட்டு, அந்தப் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி மின்னஞ்சலில் கேளுங்கள். அதே கடிதத்தில் நான்கு ரைடுகளுக்கும் தயாரிப்பாளர் வகுத்த உடல் அளவு வரம்பு என்ன, அதை எங்கே அறிவித்திருக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். பதில் சொன்னாலும் உங்களுக்கு ஆதாயம், சொல்லாவிட்டாலும் ஆதாயம். 15 நாள் அவகாசம் கொடுங்கள். வக்கீல் நோட்டீஸ் அதற்குப் பிறகுதான்.

அடுத்த தடவை போகும்போது இந்தக் கேள்வியையே போவதற்கு முன் எழுத்தில் கேட்டுவிடுங்கள். மாதிரி இருக்கை எங்கே இருக்கிறது, பெல்ட் நீளமான தனி வரிசை உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், சில ரைடுகளில் குறிப்பிட்ட இருக்கைகளை மட்டும் அப்படி அமைத்திருப்பார்கள். தண்ணீர்ச் சறுக்கில் விஷயம் எளிது, அங்கே எடைதான் கணக்கு, தனியாள் சறுக்குகள் பலவற்றில் 136 கிலோ வரம்பு. உங்களுக்குப் பிரச்சினை இல்லை. சுழல் கதவு இடித்தால் பக்கக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள், சக்கர நாற்காலிக்காக அநேகமாக ஒன்று இருக்கும். பதில் மின்னஞ்சல் கையில் இருந்தால், 'ஏறலாம்' என்று சொல்லிவிட்டு இறக்கிவிடும் பூங்காவிடம் பேசவே வேண்டாம், காட்டினால் போதும்.

ஒன்று மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை: நீங்கள் போன தேதி. இந்தியா என்றால் சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் ஆணையத்தில் மனு இருக்க வேண்டும். சில நாடுகளில் அவகாசம் இதைவிடக் குறைவு. டிக்கெட்டை எடுத்து முதலில் அதைப் பாருங்கள்.