பட்டியலில் இல்லாத சிற்பம்

கேள்வி: வெளிநாட்டுப் பயணத்தில் 'கட்டாயம் பார்க்க வேண்டிய பத்து விசித்திரச் சிற்பங்கள்' என்ற பட்டியலோடு அலைந்தேன். மூன்று சப்பென்று இருந்தன. இரண்டு இருந்த இடத்திலேயே இல்லை. நகரங்களின் நிஜமான புதுமைகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

பதில்: பத்துக்கு ஐந்து தேறியதா? அந்த மாதிரிப் பட்டியலுக்கு அது நல்ல மார்க்தான். ஒரு பட்டியலைப் பார்த்து இன்னொன்று எழுதப்படுகிறது, நேரில் போய்ப் பார்த்தவர் அதில் எத்தனை பேரோ! கிளம்பும் முன் நீங்கள் மூன்று விஷயங்களைப் பார்த்திருக்கலாம்.

முதலில் உயரம். பிரஸ்ஸல்ஸின் சிறுநீர் கழிக்கும் சிறுவன் சுமார் 55 செ.மீ., ஒரு முழத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். கோபன்ஹேகன் கடற்கன்னி 1.25 மீட்டர். பாலத்தடியில் நிஜக் காரைக் கையில் பிடித்திருக்கும் சியாட்டில் பூதமோ ஐந்தரை மீட்டர். படத்தில் எல்லாமே ஒரே அளவுதான். பக்கத்தில் ஆள் நிற்கும் படத்தைத் தேடுங்கள்.

இரண்டாவது, கடைசிப் படத்தின் தேதி. பெரிய சுவரோவியங்களைப் பெரும்பாலும் காலி மனையைப் பார்த்த மொட்டைச் சுவரில்தான் வரைவார்கள். அந்த மனையில் கட்டடம் எழும்பினால் ஓவியம் மூடிப்போகும். இணைய வரைபடத்தில் அந்தத் தெருவை நேரில் பார்ப்பதுபோல் காட்டும் தெருக்காட்சிப் படம் (ஸ்ட்ரீட் வியூ) எந்த வருடத்தது என்று பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முந்தையது என்றால் நம்பிப் போகாதீர்கள்.

மூன்றாவது நேரம். பெர்லினின் பேபெல்பிளாட்ஸ் சதுக்கத்தில், 1933-இல் நாஜிகள் புத்தகங்களை எரித்த இடத்தில், தரைக்கடியில் ஒரு வெற்று நூலகம் இருக்கிறது. சிற்பி மிக்கா உல்மனின் படைப்பு, 1995. சுமார் 20,000 புத்தகங்கள் கொள்ளும் வெள்ளை அலமாரிகளைத் தரையில் பதித்த கண்ணாடி வழியே பார்க்க வேண்டும். பகலில் போனால் கண்ணாடியில் வானமும் உங்கள் முகமும்தான் தெரியும். உள்ளே விளக்கு எரிவதால் இருட்டிய பிறகு போங்கள்.

இனி, பட்டியலில் வராதவை. வரைபடத்தில் தேடித் தரும் 'ஓவர்பாஸ் டர்போ' இணையதளத்தின் 'விசார்ட்' தேடல் பெட்டியில் 'டூரிசம்=ஆர்ட்வொர்க்' என்று ஆங்கிலத்தில் அடித்தால், யார் வேண்டுமானாலும் சேர்க்கக்கூடிய இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பயனர்கள் குறித்துவைத்த கலைப்பொருள்கள் புள்ளிகளாக விழும். முழு நகரத்தையும் திரையில் வைத்துத் தேடினால் திணறிவிடும். ஒரு பேட்டை அளவுக்கு வரைபடத்தைப் பெரிதாக்கிக்கொண்டு தேடுங்கள். பெயரில்லாத புள்ளிகளை விடாதீர்கள், எந்தப் பட்டியலும் தொடாதவை பெரும்பாலும் அவைதான். கட்டடச் செலவில் ஒரு சதவீதம் கலைக்கு என்ற விதி உள்ள ஊர்களில் (ஃபிலடெல்ஃபியா 1959-லேயே கொண்டுவந்தது) புதிய அரசுக் கட்டடங்களின் முற்றத்தையும் ஒரு எட்டு பாருங்கள். ஸ்டாக்ஹோமில் மெட்ரோ டிக்கெட் ஒன்றே போதும்; சுமார் 100 நிலையங்களில் 90-க்கு மேல் கலைப்படைப்புகள்.

அண்ணாந்து பார்த்தே நடக்காதீர்கள், காலடியிலும் உண்டு. பாரிஸில் கலைஞர் யான் டிபெட்ஸ் 1994-இல், ஒரு காலத்தில் பிரான்ஸ் வரைபடங்களுக்கு அடிப்படையாக வைத்திருந்த வடக்கு-தெற்குக் கோடான பழைய பாரிஸ் தீர்க்கரேகை நெடுக 12 செ.மீ. அகல வெண்கல வட்டுகள் 135-ஐத் தரையில் பதித்தார். வானியலாளர் 'அராகோ'வின் பெயரோடு வடக்கு, தெற்குக்கான எழுத்துகளும் ஒவ்வொன்றிலும் உண்டு. ஒன்று கிடைத்தால் எந்தப் பக்கம் நடப்பது என்று அதுவே சொல்லிவிடும். அடுத்தது அகப்படவில்லையா? அங்கே நடைபாதை புதிதாகப் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல வட்டுகள் போன இடம் தெரியவில்லை.